டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துச் சேர்ப்பதும் பேரிங் ப்ரீலோடு வைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருந்துகொண்டு, வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ். பெட்டி சிறியதுதான், உள்ளே இருக்கும் பாகங்களும் அதிகமில்லை. ஆனாலும் பிரித்துச் சேர்த்த பிறகு சத்தம் போடுகிறது, சூடாகிறது, கியர் கழன்றுகொள்கிறது என்ற புகார்கள் ஓயாமல் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஓர் இடத்தில் வந்து முடியும்: பேரிங் இறுக்கத்தை அளக்காமல் கைக்கணக்கில் வைத்தது. அதனால் கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

எல்லா டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ப்ரீலோடு வைக்க வேண்டுமா?

இல்லை. ப்ரீலோடு என்பது ஆட்டம் தீர்ந்த பிறகும் பேரிங்கை நெருக்கி வைக்கும் அழுத்தம், விளக்கம் கீழே வரும். முதலில் உங்கள் பெட்டியில் என்ன வகை பேரிங் இருக்கிறது என்று பாருங்கள். டேப்பர் ரோலர் பேரிங், அதாவது கூம்பு வடிவ ரோலர்கள் உள்ள பேரிங் இருந்தால்தான் இந்த வேலை. பழைய ஜீப்புகளில் வந்த டானா 18, டானா 300, லேண்ட் ரோவரின் எல்டி230 போன்ற கியர் வகைப் பெட்டிகளில் டேப்பர் ரோலர்கள் இருக்கும். என்பி231 போன்ற செயின் வகைப் பெட்டிகள் பெரும்பாலும் பால் பேரிங்கிலும் ஊசி ரோலரிலும் ஓடுபவை. அங்கே ஷாஃப்டின் இடத்தைச் சர்க்ளிப்பே (பள்ளத்தில் மாட்டும் பூட்டு வளையம்) முடிவு செய்துவிடும், நீங்கள் வைக்க வேண்டிய ப்ரீலோடு என்று எதுவும் கிடையாது.

பிரித்தே ஆக வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே ரேஞ்சில் (ஹை அல்லது லோ) மட்டும் சத்தம் வந்தால் அந்த ரேஞ்சின் கியரைச் சந்தேகப்படலாம். எல்லா ரேஞ்சிலும், வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் உறுமல் பெரும்பாலும் பேரிங்கிலிருந்து வருவது. ஆக்சிலரேட்டரை விட்டதும் லீவர் நியூட்ரலுக்குத் துள்ளினால் ஷாஃப்டின் ஆட்டம், ஷிஃப்ட் ஃபோர்க்கின் (கியரை நகர்த்தும் கவை) தேய்மானம், டீடென்ட் ஸ்பிரிங் (கியர் நழுவாமல் பிடித்து வைப்பது) மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஆயிலை வடித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை காந்தத்தில் ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் உறுத்தும் செதில்கள் வந்தால் பேரிங்கோ பல்லோ உரிகிறது. ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த நிலையில் ஆயிலை மட்டும் மாற்றி ஓட்டுவது வீண், ரோலர்கள் நின்ற இடத்திலெல்லாம் துருப்புள்ளி விழுந்திருக்கும்.

சீல் ஒழுகுகிறது என்பதற்காக மட்டும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். முதலில் பெட்டியின் காற்றுத் துவாரமான பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால் சூடான காற்று வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும்.

பிரிப்பதற்கு முன்பே அளக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். ஒவ்வொரு ஷாஃப்டிலும் டயல் கேஜ் வைத்து முன்பின் ஆட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி என்ன நிலையில் தேய்ந்து வந்தது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. அவுட்புட் ஷாஃப்டில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்த பெட்டியில் கியர் துள்ளியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கழற்றும்போது எந்த மூடிக்கு அடியில் எத்தனை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) இருந்தது என்று எழுதி, அந்தந்த மூடியோடு கட்டி வையுங்கள். அப்புறம் யோக் (அச்சுக்குப் போகும் தண்டை ஷாஃப்டின் முனையில் இணைக்கும் பாகம்), கியர், வாஷர் எல்லாம் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க்கைத் தாங்கும் தண்டான ஷிஃப்ட் ரெயிலை உருவும்போது துளையின் மேல் கையை வைத்து மூடிக்கொள்ளுங்கள், டீடென்ட் குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடும். டானா 18 போன்றவற்றில் இரண்டு ரெயிலுக்கும் நடுவில் ரெயில்கள் தவறான சேர்க்கையில் நகராமல் தடுக்கும் ஒரு சின்ன இன்டர்லாக் துண்டு உண்டு. அது பெட்டிக்குள் உருண்டு தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்னென்ன கருவிகள் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது?

டயல் கேஜ், மைக்ரோமீட்டர், டார்க் ரெஞ்ச், நல்ல புல்லர், ஒரு பிரஸ். சுழற்சி எதிர்ப்பை அளக்க ஸ்பிரிங் தராசு போதும். ஷிம்மை வெர்னியரில் அளக்காதீர்கள். 0.05 மி.மீ. வித்தியாசம் முடிவையே மாற்றுகிற வேலையில் அதை நம்ப முடியாது. டயல் கேஜின் காந்த அடி அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் பெட்டியின் போல்ட் துளையில் ஓர் இரும்புத் தகட்டை முடுக்கி அதன் மேல் நிறுத்துங்கள்.

பழைய பேரிங்கையே திரும்பப் போடலாமா?

கழுவித் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ரோலரும் கப்பும் (பேரிங்கின் வெளி வளையம்) ஒரே சீரான மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தால் பயன்படுத்தலாம். கப்பில் ரோலர் இடைவெளியிலேயே கோடு கோடாகப் பள்ளம் இருந்தால், உரிந்து குழி விழுந்திருந்தால், நீலம் அல்லது பழுப்பு நிறம் ஏறியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். நிறம் மாறியதற்கு சூடு ஏறியதே காரணம். ஆயில் குறைவாகவோ இறுக்கம் அதிகமாகவோ இருந்திருக்கிறது. ரோலரின் பருத்த முனை உரசியிருக்கிறதா என்றும் பாருங்கள். ப்ரீலோடு அதிகமானால் முதலில் அடிபடுவது அந்த முனையும் கோனின் (பேரிங்கின் உள் வளையம்) விளிம்பும்தான்.

கப்பையும் கோனையும் ஜோடி மாற்றாதீர்கள். ஒன்று புதிது என்றால் இன்னொன்றும் புதிதாக இருக்க வேண்டும். கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் சுழற்றி உலர்த்தும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆயில் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் நல்ல பேரிங்கும் கெடும், கூண்டு உடைந்து ரோலர் பறந்தால் கண் போகும்.

பெட்டி பல ஆண்டு ஓடியது, எப்படியும் முழுசாகப் பிரித்தாகிவிட்டது என்றால் எல்லா பேரிங்கையும் புதிதாகப் போடுவதுதான் என் கட்சி. மறுபடி பிரிக்கும் உழைப்போடு ஒப்பிட்டால் பேரிங் பெரிய செலவு இல்லை.

புதிய பேரிங்கை எப்படி ஏற்றுவது?

கோனை 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் ஷாஃப்டில் தானாக வழுக்கி இறங்கும். 120 டிகிரியைத் தாண்ட வேண்டாம், நெருப்பை நேரடியாகக் காட்டவே கூடாது. கப்பை ஏற்ற, பழைய கப்பின் வெளிவட்டத்தைக் கொஞ்சம் அரைத்துக் குறைத்தால் அருமையான தள்ளுகருவி கிடைக்கும். அலுமினியப் பெட்டி என்றால் பெட்டியை மிதமாகச் சூடாக்கி, கப்பை ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்.

கப் தோள் வரை போய் உட்கார்ந்ததா என்று மிக மெல்லிய ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். எங்காவது நுழைந்தால் இன்னும் உட்காரவில்லை. கப்புக்கு அடியில் சிக்கிய ஒரு சின்ன உலோகத் துணுக்கு கூட நீங்கள் பின்னால் எடுக்கப்போகும் எல்லா அளவையும் பொய்யாக்கும்.

ப்ரீலோடு என்றால் சரியாக என்ன?

டேப்பர் ரோலர் பேரிங்குகள் ஜோடியாக, ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்கும். ஒன்று ஷாஃப்டை முன்னால் போகவிடாது, மற்றது பின்னால் போகவிடாது. இரண்டுக்கும் இடையே கொஞ்சம் இடம் இருந்தால் ஷாஃப்ட் முன்பின் அசையும், அதை எண்ட் பிளே என்கிறோம். அந்த இடத்தை மூடிக்கொண்டே வந்தால் ஒரு புள்ளியில் ஆட்டம் பூஜ்யமாகும். அதற்கு மேலும் நெருக்கினால் ரோலர்கள் கப்பின் மேல் அழுந்தத் தொடங்கும். அந்த அழுத்தம்தான் ப்ரீலோடு. ஆட்டத்தையும் ப்ரீலோடையும் ஒரே அளவுகோலின் இரண்டு பக்கங்களாக நினைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்கு எளிதாகும்.

லேசான ப்ரீலோடில் பேரிங்கின் ஆயுள் உச்சத்தில் இருக்கும். சுமை எல்லா ரோலருக்கும் பங்காகிறது, கியர் பற்கள் சேரும் இடம் நகராமல் நிற்கிறது. ஆனால் உச்சத்தைத் தாண்டியதும் ஆயுள் செங்குத்தாகச் சரியும். ஆட்டம் சிறிது கூடினால் ஆயுள் மெதுவாகத்தான் குறையும், ப்ரீலோடு சிறிது கூடினால் வேகமாகக் குறையும். "டைட்டாக இருந்தால் நல்லது" என்ற எண்ணம் ஆபத்தானது இதனால்தான்.

அப்படியானால் சில கையேடுகள் எண்ட் பிளே வைக்கச் சொல்வது ஏன்?

வடிவமைத்தவர் அந்தப் பெட்டியின் சூடு, வேகம், உலோகம் எல்லாவற்றையும் பார்த்து முடிவு செய்திருக்கிறார். டானா 18-இன் அவுட்புட் ஷாஃப்டுக்கு, ஜீப் தயாரித்த வில்லிஸ் நிறுவனத்தின் கையேடு கேட்பது 0.004 முதல் 0.008 அங்குல ஆட்டம், அதாவது சுமார் 0.10 முதல் 0.20 மி.மீ. டானா 300-இன் பின் அவுட்புட்டுக்கு 0.001 முதல் 0.005 அங்குலம். இரண்டுமே டேப்பர் ரோலர்கள்தான், இரண்டிலும் ப்ரீலோடு கிடையாது. டேப்பர் என்றாலே ப்ரீலோடு என்று நினைத்து டானா 18-ஐ இறுக்கி வைத்தால் அது கொதிக்கும். உங்கள் பெட்டியின் கையேடு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வைக்க வேண்டும்.

ஷிம் கணக்கு எப்படிப் போடுவது?

வேண்டுமென்றே ஷிம் கூடுதலாக வைத்து, கண்டிப்பாக ஆட்டம் இருக்கும்படி பெட்டியைச் சேருங்கள். மூடியின் போல்டுகளையும் யோக் நட்டையும் கையேடு சொல்லும் முழு டார்க்கில் இறுக்குங்கள். யோக் நட்டை லூஸாக விட்டு அளப்பது பெரிய தவறு. டானா 18 போன்ற பெட்டிகளில் அந்த நட்தான் யோக், ஸ்பீடோமீட்டர் கியர், பேரிங் கோன் எல்லாவற்றையும் சேர்த்து நெருக்குகிறது. அது லூஸாக இருந்தால் நீங்கள் அளப்பது அந்த அடுக்கின் ஆட்டத்தை.

இப்போது ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே முன்னால் தள்ளி டயலைப் பூஜ்யமாக்குங்கள், சுற்றிக்கொண்டே பின்னால் இழுத்து எண்ணைப் படியுங்கள். சுற்றாமல் தள்ளினால் ரோலர்கள் கோனின் விளிம்பில் போய்ச் சேராது, எண் தவறாக வரும். மூன்று நான்கு முறை எடுத்தாலும் ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஏதோ உட்காரவில்லை.

டயலில் 0.25 மி.மீ. வந்தது, கையேடு 0.10 முதல் 0.20 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடிக்கு அடியில் உள்ள ஷிம்மில் 0.10 எடுத்துவிட்டால் ஆட்டம் 0.15-க்கு வந்து நடுவில் நிற்கும். அதே பெட்டி 0.05 மி.மீ. ப்ரீலோடு கேட்டிருந்தால் 0.25 ஆட்டத்தையும் அழித்து மேலே 0.05 சேர்த்து, மொத்தம் 0.30 எடுக்க வேண்டும்.

எடுப்பதா சேர்ப்பதா என்பது ஷிம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்தால் எடுக்க எடுக்க இறுகும். கப்புக்குப் பின்னால் இருந்தால் சேர்க்கச் சேர்க்க இறுகும். கணக்குப் போடும் முன் உங்கள் பெட்டியை ஒரு தாளில் குறுக்குவெட்டாக வரைந்து பார்த்துவிடுங்கள், குழப்பமே வராது.

மாற்றிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். கணக்கு சரி என்பதால் அளவும் சரியாக இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

ப்ரீலோடை டயல் கேஜால் அளக்க முடியாதே, எப்படிச் சரிபார்ப்பது?

ஆட்டம் தீர்ந்துவிட்டால் டயலுக்கு வேலை இல்லை. அதன் பிறகு ஷாஃப்டைச் சுழற்ற எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும். ஷாஃப்டிலோ யோக்கிலோ ஒரு கயிற்றைப் பல சுற்றுச் சுற்றி, முனையை ஸ்பிரிங் தராசில் மாட்டி, ஒரே சீராக இழுங்கள். ஷாஃப்ட் அசையத் தொடங்கும் கணத்தில் காட்டும் எண் எப்போதும் கூடுதலாக இருக்கும், அதை விட்டுவிட்டுச் சீராகச் சுழலும்போது காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு சுற்றிய இடத்தின் ஆரம் 25 மி.மீ., தராசு 2 கிலோ காட்டுகிறது என்றால் சுழற்சி டார்க் சுமார் 0.49 நியூட்டன் மீட்டர். அதாவது கிலோவை 9.81-ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள ஆரத்தாலும் பெருக்கினால் போதும்.

இதைச் சீல் போடுவதற்கு முன் செய்ய வேண்டும். புதிய சீலின் பிடிப்பே ஒரு கணிசமான எண்ணைக் கொடுத்துவிடும். அளக்கும் ஷாஃப்டோடு வேறு கியர் எதுவும் கோத்திருக்கக் கூடாது. பேரிங் காய்ந்திருக்கக் கூடாது, பெட்டியில் ஊற்றப்போகும் அதே ஆயிலைத் தடவியிருக்க வேண்டும். பத்து இருபது சுற்றுச் சுற்றிவிட்ட பிறகு அளந்தால்தான் ரோலர்கள் இடத்தில் இருக்கும்.

கையேட்டில் புதிய பேரிங்குக்கு ஒரு எண்ணும் ஓடிய பேரிங்குக்கு அதைவிடக் குறைந்த, பெரும்பாலும் பாதி அளவிலான ஓர் எண்ணும் இருக்கும். புதிய பேரிங்கின் மேற்பரப்பு முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தேய்ந்து வழவழப்பாகும், ப்ரீலோடும் அதற்கேற்பக் குறையும் என்பதை எதிர்பார்த்துத்தான் கூடுதலாக வைக்கிறார்கள். ஓடிய பேரிங்குக்குப் புதியதன் எண்ணை வைத்தால் அது குறையாமல் அப்படியே நின்று பேரிங்கைத் தின்றுவிடும்.

நசுங்கும் ஸ்பேஸர் உள்ள பெட்டியில் என்ன செய்வது?

பிற்கால எல்டி230-இன் நடு கியரில் இப்படி ஒரு ஸ்பேஸர் இருக்கிறது. நட்டை இறுக்க இறுக்க ஸ்பேஸர் நசுங்கி, இரண்டு பேரிங்குக்கும் இடையிலான தூரம் குறையும். கொஞ்சம் இறுக்கு, சுழற்றி அள, மறுபடி கொஞ்சம் இறுக்கு. கடைசி நேரத்தில் எண் திடீரென ஏறும் என்பதால் நெருங்க நெருங்க நட்டை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். தாண்டிவிட்டால் நட்டைப் பின்னால் திருப்பிச் சரிசெய்ய முடியாது. நசுங்கியது மீளாது, நட்டுக்குப் பிடிப்பும் இருக்காது. புதிய ஸ்பேஸர் போட்டு முதலிலிருந்து தொடங்குவதே வழி. கையில் ஒரு ஸ்பேஸர் உபரியாக வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அலுமினியப் பெட்டிக்கும் வார்ப்பிரும்புப் பெட்டிக்கும் வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. ஒரு டிகிரி சூட்டுக்கு எஃகு மீட்டருக்கு 12 மைக்ரான் அளவில் நீள்கிறது என்றால் அலுமினியம் சுமார் 23 மைக்ரான் நீள்கிறது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் 150 மி.மீ. தூரம், குளிர்ந்த நிலையிலிருந்து 60 டிகிரி சூடு ஏறுகிறது என்றால் ஷாஃப்டைவிடப் பெட்டி ஏறக்குறைய 0.10 மி.மீ. அதிகமாக நீண்டிருக்கும். கப்புகளை வெளிப்புறத்திலிருந்து மூடிகள் பிடித்திருக்கும் அமைப்பில் அவ்வளவும் பேரிங்கை லூஸாக்கும். மேசை மேல் 0.05 மி.மீ. ப்ரீலோடு வைத்த ஷாஃப்ட் சாலையில் 0.05 மி.மீ. ஆட்டத்தோடு ஓடும்.

இதனால்தான் அலுமினியப் பெட்டிக்குக் குளிர்ந்த நிலையில் கணிசமான ப்ரீலோடு கேட்பார்கள், கையில் சுற்றிப் பார்த்தால் "இவ்வளவு டைட்டா?" என்று தோன்றும். வார்ப்பிரும்பும் எஃகும் ஏறத்தாழ ஒரே மாதிரி நீள்பவை. அங்கே பெட்டியைவிட ஷாஃப்ட் சூடாகும்போது இறுக்கம் கூடும், ஆகவே மேசையில் கொஞ்சம் ஆட்டம் விடுகிறார்கள். ஒரு பெட்டியின் எண்ணை இன்னொன்றுக்கு எடுத்து வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

கழற்றிய ஷிம்மையே அப்படியே திரும்பப் போட்டால் என்ன?

ஷிம், பேரிங், மூடி, பெட்டி எதையும் மாற்றாமல் சீலை மட்டும் மாற்றியிருந்தால் போடலாம், ஆனாலும் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். பேரிங் மாறியிருந்தால் போடக் கூடாது. ஒரே எண்ணுள்ள இரண்டு பேரிங்கின் அகலத்திலேயே வித்தியாசம் இருக்கும், நாம் வைக்கப்போகும் அளவைவிட அது பெரிதாகவும் இருக்கலாம். மடங்கிய, ஓரம் சுருண்ட ஷிம்மும் வேண்டாம். மிக மெல்லிய ஷிம்களைத் தடித்தவற்றுக்கு நடுவில் வையுங்கள், கிழியாது.

கேஸ்கெட்டா, சீலன்டா?

முதலில் பெட்டியில் என்ன இருந்ததோ அதுவே. மூடிக்கு அடியில் காகித கேஸ்கெட் வந்திருந்தால் அதன் தடிமனும் ஷிம் கணக்கில் ஒரு பகுதி. அதை எடுத்துவிட்டு சிலிகான் பூசினால் அளவு மாறிவிடும். ஷிம் உள்ள இடத்தில் எனக்குப் பிடித்தது காற்றில்லாமல் இறுகும் அனரோபிக் சீலன்ட். சிலிகானைப் போலத் தடிமனாக நிற்காது, உள்ளே பிதுங்கி ஆயில் வழிகளை அடைக்கவும் செய்யாது.

நடு ஷாஃப்டின் ஊசி ரோலர்கள் கொட்டிக்கொண்டே இருக்கின்றனவே?

பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசி ஒட்டுங்கள். நடு ஷாஃப்டின் விட்டத்தில், ஆனால் கியரின் நீளத்துக்கே வெட்டிய ஒரு போலி ஷாஃப்டை உள்ளே வைத்து, உண்மையான ஷாஃப்டால் அதைத் தள்ளிக்கொண்டே வெளியேற்றினால் ஒன்றும் கொட்டாது. த்ரஸ்ட் வாஷரின் காது பெட்டியின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். டானா 18-இல் இந்த ஷாஃப்ட் 3/4, 1 1/8, 1 1/4 அங்குலம் என்று மூன்று விட்டங்களில் வந்தது. அளக்காமல் கிட் வாங்கினால் பொருந்தாது. ஷாஃப்டில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் புதிய ரோலரை மட்டும் போடுவதில் பயனில்லை.

செயின் வகைப் பெட்டியில் எதைக் கவனிக்க வேண்டும்?

செயின் தொய்வு, ஸ்ப்ராக்கெட் பல், ஃபோர்க்கில் உள்ள பிளாஸ்டிக் பட்டைகள், ஆயில் பம்ப். சில பெட்டிகளில் பம்பின் காது உள்சுவரில் உரசி உரசித் துளையே போட்டுவிடும். ஆயில் அந்தத் துளை வழியே சொட்டிப்போய், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பெட்டி காய்ந்து எரியும்.

என்ன ஆயில்?

கையேடு சொல்வதுதான். டானா 18 போன்ற பழைய கியர் பெட்டிகளுக்கு 80டபிள்யூ-90 தடிமன், என்பி231-க்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றாதீர்கள். வெண்கல த்ரஸ்ட் வாஷர் உள்ள பெட்டிக்கு ஜிஎல்-4 தரத்தை விரும்பித் தேர்ந்தெடுப்பேன். ஜிஎல்-5 ஆயிலில் கந்தகச் சேர்மங்கள் அதிகம், சில வகைகள் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கும்.

சேர்த்து முடித்தாகிவிட்டது, முதல் ஓட்டத்தில் எதைப் பார்ப்பது?

ஓட்டுவதற்கு முன், நியூட்ரலில் யோக்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கும் கரகரப்போ ஓரிடத்தில் மட்டும் பிடிப்போ இருக்கக் கூடாது. பிறகு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மிதமான வேகத்தில் ஓட்டி, வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு பேரிங் மூடியின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். பெட்டி முழுவதும் சீராகச் சூடாவது இயல்பு. ஒரு மூடி மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாக இருந்தால் அங்கே இறுக்கம் அதிகம், இன்னும் ஓட்டினால் சரியாகிவிடும் என்று நம்பாமல் கழற்றி அளந்துவிடுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே, 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வடித்து காந்தத்தைப் பார்ப்பது நல்லது.

எல்லாம் அளவில் இருந்தும் லீவர் இன்னும் துள்ளுகிறது. பேரிங்கை இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?

வேண்டாம். ஆட்டம் கையேட்டு எல்லைக்குள் இருந்தால் பேரிங் தன் வேலையைச் செய்கிறது. நழுவும் கியரின் கோக்கும் பற்களைப் பாருங்கள், முனை உருண்டு சரிவாகத் தேய்ந்திருந்தால் சுமை வரும்போது கியர் தானாகவே வெளியே தள்ளப்படும். ஷிஃப்ட் ஃபோர்க் வளைந்திருக்கிறதா, ரெயிலின் டீடென்ட் பள்ளம் அகன்றிருக்கிறதா, ஸ்பிரிங் குட்டையாகிவிட்டதா என்று பாருங்கள். வெளியே, லீவர் தரையிலோ கவரிலோ இடித்து முழுத் தூரம் போகாமல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். டானா 18-இல், கியர்பாக்ஸ் அவுட்புட் ஷாஃப்டின் முனையில் இன்புட் கியரைப் பிடித்திருக்கும் பெரிய நட் லூஸாகியிருந்தாலும் இதே தொல்லை வரும். பின்பக்க மூடியைக் கழற்றினால் அந்த நட் கண்ணில் படும். முழு டார்க்கில் இறுக்கிப் புதிய காட்டர் பின் போடுங்கள். கியரின் உள் ஸ்ப்லைன் (ஷாஃப்டோடு கோத்துக்கொள்ளும் வரிப்பற்கள்) ஏற்கெனவே தேய்ந்திருந்தால் கியரையே மாற்ற வேண்டியிருக்கும்.